"மாத்திடுங்க சார்" என்ற மகாமந்திரம்

முன்குறிப்பு: மெக்கானிக் அண்ணன்கள் யாரும் கோபப்பட வேண்டாம். திட்டு உங்களுக்கு மட்டும் இல்லை. கடைசி வரை படித்தால் எனக்கும் சேர்த்துத்தான் என்று தெரியும் :-)

எங்கள் வீட்டில் ஒரு புல்லட் இருக்கிறது. அப்பாவுடையது. 1991 மாடல், 350 சிசி, காஸ்ட் அயர்ன் எஞ்சின். திருவொற்றியூரில் பிறந்து திருவொற்றியூரிலேயே வாழ்ந்துகொண்டிருக்கும் வண்டி. போன வருடம் அது ஒழுக ஆரம்பித்தது. ஆயில் இல்லை மக்களே, ஆயில் ஒழுகினால் புல்லட்காரர்கள் கவலைப்பட மாட்டார்கள். பெட்ரோல். கார்பரேட்டருக்கு அடியில் சொட்டு சொட்டாக.

முதல் மெக்கானிக் குனிந்து பார்த்தார். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கார்பரேட்டர் போயிடுச்சு, மாத்திடுங்க சார்." 3000 ரூபாய். மாற்றினோம். இருபது நாள் நன்றாக ஓடியது. இருபத்தோராவது நாள் அதே இடத்தில் அதே சொட்டு. இரண்டாவது மெக்கானிக்கிடம் போனோம். அவர் சொன்னது என்ன என்று நினைக்கிறீர்கள்? "இது டூப்ளிகேட் கார்பரேட்டர் சார். ஒரிஜினல் போட்டு மாத்திடுங்க."

அன்று ராத்திரி அப்பா சாப்பிடும்போது, "வித்துடலாம்பா. யாராவது கேட்டா குடுத்துடலாம்" என்றார். நான் பிறந்து ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்ததே அந்த வண்டிக்குப் பின்னால் வந்த ஆட்டோவில்தான். அந்த வண்டிக்கு ஒரு சொட்டுப் பெட்ரோலால் சாவு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

அந்தக் கோபத்தில் எழுதுவதுதான் இது. என் கட்சி ஒரே வரி: எங்கே, ஏன் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்காமல் எதையும் மாற்றாதே.

எதிர்க்கட்சிகள் இரண்டு

முதல் கட்சி, மேலே சொன்ன "மாத்திடுங்க" கட்சி. இரண்டாவது, "புல்லட்னா ஒழுகத்தான் செய்யும், அதுதான் அழகு" கட்சி. ஓவர்ஃப்ளோ குழாய்க்கு அடியில் ஒரு டப்பாவைக் கட்டிவிட்டு அதைப் பாரம்பரியம் என்று சொல்லித் திரிவார்கள். கொதிக்கிற எஞ்சினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் சொட்டுவதில் என்ன அழகு இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஒரு வயர் உரசினால் போதும்.

"ஒன்றும் பெரிதில்லை" என்ற வார்த்தையை எங்கள் ஊர்க்காரன் நம்ப மாட்டான். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோதும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள். அப்புறம் எர்ணாவூர் கரையில் மீனவர்களும் மாணவர்களும் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். ஒழுகுவதைத் துடைப்பது வேறு, நிறுத்துவது வேறு. அது கடலாக இருந்தாலும் சரி, கார்பரேட்டராக இருந்தாலும் சரி.

இரண்டு கட்சிக்கும் பொதுவான கொள்கை ஒன்று உண்டு. இரண்டுமே கார்பரேட்டரைத் திறந்து பார்ப்பதில்லை.

உள்ளே என்ன இருக்கிறது?

கிளாஸ்மேட்ஸ்களே, நாம் எல்லாரும் செமஸ்டரில் "சிம்பிள் கார்பரேட்டர்" படம் வரைந்து மார்க் வாங்கியவர்கள்தான். ஃப்ளோட் சேம்பர், நீடில் வால்வு, வென்சுரி என்று அம்புக்குறி போட்டோம். உண்மையான ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நானும் பார்த்ததில்லை, போன வருடம் வரை.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. மொட்டைமாடி சிண்டெக்ஸ் டேங்கில் ஒரு பந்து வால்வு இருக்குமே, தண்ணீர் ஏற ஏறப் பந்து மிதந்து மேலே வந்து குழாயை அடைக்கும். கார்பரேட்டரும் அதேதான். கீழே ஒரு சின்னக் கிண்ணம். அதில் ஒரு மிதவை (ஃப்ளோட்). பெட்ரோல் போதிய மட்டத்துக்கு வந்ததும் மிதவை மேலே ஏறி ஒரு சின்ன ஊசியை (நீடில்) அதன் இருக்கையில் அழுத்தும். வழி அடைபடும். ஊசி சரியாக உட்காரவில்லை என்றால் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும், கிண்ணம் நிரம்பி வழியும். மொட்டைமாடி டேங்க் வழிந்தால் டேங்கையே மாற்றுவீர்களா? பந்து வால்வைத்தானே பார்ப்பீர்கள்? இங்கே மட்டும் என்ன வந்தது?

கண்டுபிடிப்பது எப்படி?

வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். காற்றோட்டமான இடம். பக்கத்தில் அடுப்பு, விளக்கு, பீடி, சிகரெட் கூடாது. வடிக்கிற பெட்ரோலைப் பிடிக்க ஒரு எவர்சில்வர் கிண்ணம். அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

1. முதலில் ஒழுகுவது கார்பரேட்டர்தானா? பெட்ரோல் மேலிருந்து கீழே வழிந்து வந்துதான் சொட்டும். சொட்டுகிற இடம் குற்றவாளி இல்லை, நனைந்திருப்பதில் எது மிக உயரமான இடமோ அதுதான் குற்றவாளி. துணியால் எல்லாவற்றையும் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை பெட்ரோல் டேப், டியூப், கார்பரேட்டர் வெளிப்பக்கம் எல்லாம் லேசாகத் தூவுங்கள். டேப்பைத் திறந்துவிட்டுக் காத்திருங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். டேப் வாஷரோ, வெடித்த டியூபோ என்றால் வேலை அங்கேயே முடிந்தது.

2. கிண்ணம் மேல்பாகத்தோடு சேரும் கோட்டில் ஈரம் என்றால் பேக்கிங் போயிருக்கிறது, அல்லது ஸ்குரூ லூஸ். பேக்கிங் மட்டும் தனியாகக் கிடைக்கும்.

3. ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வந்தால் ஊசியும் மிதவையும்தான் சந்தேகத்துக்குரியவர்கள். ஸ்குரூ டிரைவரின் பிடியால் கிண்ணத்தை இரண்டு தட்டு லேசாகத் தட்டுங்கள். நின்றுவிட்டால் ஏதோ தூசியில் ஊசி மாட்டிக்கொண்டிருக்கிறது. இது சிகிச்சை இல்லை, துப்பு மட்டும்தான்.

4. கழற்றினால் மிதவையைக் காதோரம் வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சலசலவென்றால் ஓட்டை விழுந்து பெட்ரோல் குடித்திருக்கிறது, மிதக்காது. ஊசியின் நுனியை நகத்தால் வருடுங்கள். வளையம் போலப் பள்ளம் தட்டுப்பட்டால் தேய்ந்துவிட்டது.

5. எல்லாம் மாட்டியபின், கார்பரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து (மிதவை தன் எடையால் ஊசியை அழுத்தும்) பெட்ரோல் வரும் வழியில் சுத்தமான டியூப் வைத்து ஊதுங்கள். காற்றுப் போகக்கூடாது. நிமிர்த்திப் பிடித்து ஊதினால் போக வேண்டும். தயவுசெய்து உறிஞ்சாதீர்கள்.

6. கடைசியாக, ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை என்றால் வழிந்தது வெளியே மட்டும் இல்லை, எஞ்சினுக்குள்ளும் இறங்கியிருக்கிறது. ஆயிலை மாற்றாமல் கிக்கரில் காலை வைக்காதீர்கள். இதைத்தான் "ஒழுகினால் அழகு" கட்சி யாரும் சொல்லித் தருவதில்லை.

இவ்வளவுதான். ஒரு ஸ்குரூ டிரைவர், இரண்டு ஸ்பேனர், ஒரு பவுடர் டப்பா.

எங்கள் வண்டியில் நடந்தது

துப்பு கொடுத்தது அம்மா. "ராத்திரி டேப்ப மூடினா காலைல நாத்தம் இல்ல. நீங்க மறந்த அன்னைக்கு மட்டும்தான் நாறுது." அப்படியானால் டேப்பும் டேங்கும் ஒழுகவில்லை, டேப்புக்குக் கீழேதான் கோளாறு. நாலு வருடம் மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு இது தோன்றவில்லை.

பவுடர் சோதனையில் டியூப் தப்பித்தது. கிண்ணத்தைக் கழற்றினோம். புது கார்பரேட்டர், இருபத்தொரு நாள்தான் வயது. அடியில் காப்பித்தூள் மாதிரி பழுப்பாகப் படிந்திருந்தது. துரு. ஊசியின் இருக்கையிலும் அதே துகள்.

டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தோம். மேல்பக்கம் முழுக்கத் துரு. கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கிற வண்டி. அப்பா ரிட்டையர் ஆனபின் பாதி டேங்கோடு வாரக்கணக்கில் சும்மா நிற்கிறது. பெட்ரோல் இல்லாத பாதியில் உப்புக்காற்று. துரு பிடிக்காமல் என்ன செய்யும்?

கவனியுங்கள். பழைய கார்பரேட்டரும் இதனால்தான் ஒழுகியது. புதியதும் இதனால்தான் ஒழுகியது. மூன்றாவதாக "ஒரிஜினல்" வாங்கிப் போட்டிருந்தால் அதுவும் இருபத்தோராவது நாள் ஒழுகியிருக்கும். நோய் டேங்கில், ஆபரேஷன் கார்பரேட்டருக்கு!

டேங்கைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து, டேப்பின் வலையைச் சுத்தம் செய்து, டியூபில் ஒரு சின்ன ஃபில்டர் போட்டோம். மூலையில் கிடந்த பழைய மிக்கார்ப் கார்பரேட்டருக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது ஊசியும் பேக்கிங்கும் வாங்கிப் போட்டு அதையே திரும்ப மாட்டினோம். செலவு, புது கார்பரேட்டர் விலையில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. எட்டு மாதமாகச் சொட்டு இல்லை.

எத்தனால் வந்த கதை

"எல்லாம் இந்த இ20 பெட்ரோலால்தான்" என்று ஒரு குரல் வரும். முழுக்கத் தவறும் இல்லை, முழுக்கச் சரியும் இல்லை.

2018 உயிரி எரிபொருள் கொள்கையில் 20% எத்தனால் கலப்புக்கு 2030 தான் இலக்கு. 2022 திருத்தத்தில் அதை 2025-26க்கு முன்னால் இழுத்தார்கள். எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணமுள்ளது. சும்மா நிற்கும் பழைய டேங்குக்கு அது நல்லதல்ல. எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்படாத பழைய ரப்பர் பாகங்கள் உப்பும், இறுகும், வெடிக்கும். ஊசி நுனி, பேக்கிங், டியூப் எல்லாம் இதில் வரும்.

2025 ஆகஸ்டில் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் ஒரு விளக்கம் கொடுத்தது. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் சில ரப்பர் பாகங்களையும் பேக்கிங்குகளையும் மாற்ற வேண்டி வரலாம், அது செலவு குறைந்த வேலைதான் என்றது. அய்யா, பேக்கிங் விலை குறைவுதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேக்கிங்கை மட்டும் மாற்றித் தருபவர் எங்கே? கிண்ணத்தைத் திறக்காமலே "மாத்திடுங்க" என்கிற ஊரில், நூறு ரூபாய் ரப்பர் என்பது மூவாயிரம் ரூபாய் பில்லாகத்தான் வந்து சேரும். டெல்லியில் எழுதும்போது அது வாஷர். திருவொற்றியூரில் வந்து இறங்கும்போது அது முழு கார்பரேட்டர்.

அதற்காகத் துருவையும் எத்தனால் தலையில் கட்டுவது நியாயமில்லை. குற்றவாளியைக் கண்டுபிடிக்காமல் கைது செய்வதும் ஒருவகை "மாத்திடுங்க"தான்.

எந்த ஊரில் இதைச் சொல்கிறோம்?

இது எந்த ஊர்? 1946ல் பலூன் செய்யும் கொட்டகையாக எம்ஆர்எஃப் தொடங்கியது இதே திருவொற்றியூரில். 1948ல் அசோக் மோட்டார்ஸ் வந்தது எண்ணூருக்கு. 1955ல் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் 1970 வாக்கில் ராயல் என்ஃபீல்டு மூடிப்போனது. இங்கே புல்லட் தொடர்ந்து வந்தது. கொஞ்சம் தள்ளி மணலியில் பெட்ரோலே சுத்திகரிக்கிறார்கள். செம்பியத்தில் 1960களில் இருந்து டாஃபே டிராக்டர். லேத், மில்லிங், வெல்டிங் தெரிந்த கைகள் தெருவுக்குத் தெரு இருந்த ஊர். இங்கே உட்கார்ந்து ஒரு ஊசி நுனியைப் பார்க்கச் சோம்பல் என்றால் என்ன சொல்வது?

டிராக்டர் என்றதும் ஒன்று. நம்மூர் டிராக்டர்கள் டீசல், கார்பரேட்டர் கிடையாது. ஆனால் வெளிநாட்டில் பெட்ரோலிலும் மண்ணெண்ணெய் வகையிலும் ஓடிய பழைய ஃபோர்ட்சன், ஃபெர்குசன் டிராக்டர்களை வைத்திருப்பவர்களுக்கு இதே தலைவலிதான். அதே துரு, அதே ஊசி, அதே மிதவை. அமெரிக்காவில் 40 வருடப் பழைய டிராக்டர்களுக்கு ஏலத்தில் போட்டி என்று 2020 வாக்கில் செய்திகள் வந்தன. பழம்பெருமைக்காக இல்லை. புது டிராக்டரைத் தன் கையால் ரிப்பேர் செய்ய முடியவில்லை, சாஃப்ட்வேர் பூட்டு. விவசாயிகள் சண்டை போட்டு, கொலராடோ மாநிலத்தில் 2023ல் விவசாயக் கருவிகளுக்கான பழுதுபார்க்கும் உரிமைச் சட்டமே வந்தது. இங்கேயும் 2022ல் மத்திய நுகர்வோர் துறை இதற்கு ஒரு குழு அமைத்தது. எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் உண்டு, வாகனங்களும் உண்டு.

அங்கே திறக்கும் உரிமைக்காகக் கோர்ட்டு வரை போகிறார்கள். நம் கையில் நாலு ஸ்குரூவில் திறக்கும் ஒரு பொருள் இருக்கிறது. பூட்டு இல்லை, பாஸ்வேர்டு இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபின் புது புல்லட்டுகளில் கார்பரேட்டரே கிடையாது, எல்லாம் இஞ்செக்‌ஷன். நம் கையால் திறந்து, கண்ணால் பார்த்து, காரணம் கண்டுபிடிக்கக்கூடிய கடைசிப் பொருட்களில் ஒன்று இது. அதையும் திறக்காமல் குப்பையில் போடுவோம் என்றால் நமக்கு எதற்கு உரிமை?

இப்போது நம்ம பங்கு

முன்குறிப்பில் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம். மெக்கானிக் ஏன் "மாத்திடுங்க" என்கிறார்? சோம்பேறியா? திருடரா? இரண்டும் இல்லை.

அவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பவுடர் தூவி, கிண்ணம் கழற்றி, டேங்கைப் பார்த்து, "துரு சார், 600 ரூபாய் குடுங்க" என்றால் நாம் என்ன சொல்வோம்? "என்னண்ணே, ஒண்ணுமே மாத்தல, சும்மா தொடச்சதுக்கு 600ஆ?" நான் சொல்லியிருக்கிறேன். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அதே ஆள் பத்து நிமிடத்தில் புது கார்பரேட்டர் மாட்டி 3000 வாங்கினால், அட்டைப்பெட்டியைப் பார்த்துத் திருப்தியோடு கொடுத்துவிட்டு வருவோம். பொருளுக்குக் காசு கொடுப்போம், மூளைக்குக் கொடுக்க மாட்டோம். அப்புறம் மூளையை யார் செலவழிப்பார்கள்?

ஆகவே மூன்று கோரிக்கை.

மெக்கானிக் அண்ணன்களுக்கு: "மாத்திடுங்க" என்று சொல்லும் முன் திறந்து காட்டுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுங்கள். காட்ட முடியவில்லை என்றால் மாற்றாதீர்கள்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு: கண்டுபிடித்ததற்குக் கூலி கொடுங்கள். ஒன்றும் மாற்றாமல் சரிசெய்தவருக்கு ஐம்பது ரூபாய் கூடவே கொடுங்கள். ராத்திரி டேப்பை மூடுங்கள். நிறுத்தி வைக்கிற வண்டியின் டேங்கைப் பாதியில் விடாதீர்கள்.

கிளாஸ்மேட்ஸ்களுக்கு: அடுத்த செமஸ்டரில் அந்தப் படத்தை வரைவதற்கு முன், புதுப்பேட்டைக்குப் போய் ஒரு பழைய கார்பரேட்டரை எடைக்கு வாங்கி வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்து மாட்டிப் பாருங்கள். பரீட்சைக்கு வராது. அப்பா வண்டிக்கு வரும்.

எங்கள் அப்பா இப்போது விற்கும் பேச்சை எடுப்பதில்லை. காலையில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, டேப்பை மூடிவிட்டு, "மூடிட்டேன்மா" என்று வாசலிலிருந்தே அம்மாவுக்குக் குரல் கொடுக்கிறார்.

பி.கு: 3000 ரூபாய் கொடுத்து வாங்கிய "போன" புது கார்பரேட்டர் என் மேஜையில்தான் இருக்கிறது. அதில் ஒரு கோளாறும் இல்லை. துடைத்து ஊதிப் பார்த்துவிட்டேன். புல்லட் வைத்திருக்கிறவர்கள் யாருக்காவது வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். ஒரே கண்டிஷன், உங்கள் டேங்கைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வரவேண்டும்.